லோகோவிலேயே சுற்றும் டிவி: அப்டேட் பாதியில் நின்றால் உள்ளே என்ன ஆகிறது, எப்படி மீட்பது

லோகோ வருகிறது. பத்துப் பதினைந்து விநாடி நிற்கிறது. திரை இருண்டுபோகிறது. மறுபடி லோகோ. ரிமோட்டில் எதை அழுத்தினாலும் கேட்பதில்லை; பிளக்கைப் பிடுங்கினால்தான் ஓய்கிறது. முந்தைய நாள் ராத்திரி 'புதிய சாஃப்ட்வேர் வந்திருக்கிறது, போடட்டுமா' என்று டிவி கேட்டிருக்கும். யாரோ சரி என்று அழுத்திவிட்டுப் படுக்கப் போயிருப்பார்கள், நடுவில் கரண்ட் போயிருக்கும். கடையில் கேட்டால் ஒருவர் 'சாஃப்ட்வேர் அடிக்கணும்', அதாவது மறுபடி எழுதணும் என்பார், இன்னொருவர் 'போர்டு போயிடுச்சு' என்பார். எது சரி என்று தெரிந்துகொள்ள முதலில் செட்டைத் திறக்க வேண்டியதில்லை. ஒரு கடிகாரத்தோடு டிவிக்கு எதிரே ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

குடம் எந்தக் கையில் விழுகிறது

தண்ணி லாரி வந்ததும் தெருவில் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றுவோம் இல்லையா, டிவி ஆன் ஆவதும் அப்படித்தான். முதல் ஆள், பிராசஸர் சிப்புக்குள்ளேயே பொறிக்கப்பட்ட ஒரு சின்ன நிரல். அதை எந்த அப்டேட்டும் மாற்ற முடியாது. அது இரண்டாவது ஆளான பூட்லோடரைத் தட்டி எழுப்பும். பூட்லோடர் மெமரியைத் தயார் செய்து, திரையில் கம்பெனி லோகோவைப் போட்டுவிட்டு, மூன்றாவது ஆளான கெர்னலிடம், அதாவது சிஸ்டத்தின் கருவிடம் ஒப்படைக்கும். கெர்னல், ஆண்ட்ராய்டு போன்ற முழு சிஸ்டத்தை ஏற்றும். அதற்குப் பிறகுதான் ஹோம் ஸ்கிரீன்.

இவர்களை மேற்பார்வை பார்க்க வாட்ச்டாக் என்று ஒரு டைமர் உண்டு. 'இன்னும் உயிரோடு இருக்கிறேன்' என்று குறிப்பிட்ட நேரத்துக்குள் யாரும் அதைத் தட்டாவிட்டால், எல்லாரையும் கலைத்து முதல் ஆளிடமிருந்து மறுபடி தொடங்க வைக்கும். செட் தானாக ஆஃப் ஆகி ஆன் ஆவதற்குப் பெரும்பாலும் இந்த டைமரோ, கெர்னலே தடுமாறி ரீஸ்டார்ட் கொடுப்பதோதான் காரணம்.

பூட்லோடர், கெர்னல், சிஸ்டம் எல்லாம் மெயின் போர்டில் உள்ள இஎம்எம்சி என்ற ஸ்டோரேஜ் சிப்பில், தனித்தனி அறைகளில் இருக்கின்றன. விலை குறைந்த செட்டுகளில் அது 8 ஜிபி, சிலவற்றில் 4 ஜிபிதான். அப்டேட் என்பது கெர்னல் அறையையும் சிஸ்டம் அறையையும் அழித்துப் புதிதாக எழுதுவது. எழுதும் நடுவில் கரண்ட் போனால் பாதி பழசு, பாதி புதுசு. சரிபார்க்கும்போது கணக்கு உதைக்கும், சிஸ்டம் ஏறாது, டைமர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வைக்கும். பூட்லோடர் அறையை அநேக அப்டேட்டுகள் தொடுவதில்லை. அதனால்தான் இந்த நிலையிலும் லோகோ வருகிறது, அதனால்தான் மீட்கவும் முடிகிறது.

2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 இதற்கு ஒரு வழி வைத்தது. சிஸ்டத்துக்கு இரண்டு அறைகள்: ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், அப்டேட் மற்றதில் எழுதப்படும், புதுசு ஏறாவிட்டால் பழசுக்கே திரும்பிவிடும். ஆனால் இடம் அதிகமாக வேண்டும். 8 ஜிபியில் அந்த ஆடம்பரத்துக்கு இடமில்லை என்று பல மலிவு மாடல்களில் ஒற்றை அறைதான்.

அசையாத லோகோ, அசையும் லோகோ

முதலில் வரும் லோகோ ஒரு நிலைப்படம். அதைப் போடுவது பூட்லோடர். அதற்குப் பிறகு புள்ளிகள் ஓடுவது, எழுத்து மின்னுவது என்று அசையும் படம் வந்தால், அது ஆண்ட்ராய்டு போடுவது. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் குடம் எந்தக் கையில் விழுகிறது என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம்.

லோகோவே வராமல் இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு முறை சிவப்பு விளக்கு மட்டும் அணைந்து எரிந்தால், பவர் சப்ளை அல்லது பூட்லோடர். நிலைப்படம் வந்து, அசைவு தொடங்காமலே திரும்பினால், கெர்னலோ சிஸ்டமோ உடைந்திருக்கிறது. பென் டிரைவில் சாஃப்ட்வேர் அடிக்க வேண்டிய கேஸ் இது. அசையும் படம் ஒன்றிரண்டு நிமிடம் ஓடிவிட்டுத் திரும்பினால், சிஸ்டம் ஏறிவிட்டது, உங்கள் ஆப்புகளும் செட்டிங்குகளும் இருக்கும் டேட்டா அறையில் ஏதோ இடிக்கிறது. பழைய டேட்டாவைப் புதிய சிஸ்டம் ஏற்கவில்லை என்று அர்த்தம். ஃபேக்டரி ரீசெட்டிலேயே சரியாகிவிட நல்ல வாய்ப்பு உண்டு. ஹோம் ஸ்கிரீன் வந்து கொஞ்ச நேரம் கழித்து விழுந்தால் சூடு, பவர், அல்லது கெட்டுப்போன ஆப்.

இன்னொன்று: லோகோ அசைந்துகொண்டே இருக்கிறது, ஆனால் அணையவில்லை என்றால் அது லூப்பே, அதாவது திரும்பத் திரும்பச் சுற்றுவதே இல்லை. அப்டேட்டுக்குப் பிறகு முதல் தடவை எழும்போது எல்லா ஆப்பையும் புதிதாக அடுக்க நேரமாகும். அரை மணி நேரம் சும்மா விடுங்கள். அவசரப்பட்டுப் பிளக்கைப் பிடுங்கி, நல்லபடி முடிய இருந்த அப்டேட்டை நாமே உடைப்பதும் நடக்கும்.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து சுற்று, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி என்று. எல்லாமே 18, 18, 19, 18 என்று ஒன்றுபோல் வந்தால் சாஃப்ட்வேர் ஒரே இடத்தில் இடிக்கிறது. 7, 31, 12 என்று தாறுமாறாக இருந்தால் பவரையோ ராமையோ சந்தேகப்படுங்கள்; அங்கே எத்தனை முறை சாஃப்ட்வேர் அடித்தாலும் பயனில்லை.

திறப்பதற்கு முன்

செட்டாப் பாக்ஸ், சவுண்ட்பார், பென் டிரைவ், லேன் கேபிள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். எச்டிஎம்ஐ வழியே இன்னொரு கருவி டிவியை எழுப்பிக்கொண்டே இருப்பதும், டிவியின் அடியில் உள்ள பவர் பட்டன் பிசுபிசுத்து அழுந்திய நிலையில் நிற்பதும் பார்ப்பதற்கு அச்சு அசல் இதே நோய் போலத்தான் இருக்கும். சென்னையில் பெசன்ட் நகர், திருவான்மியூர், ராயபுரம் பக்கம் கடல் காற்றில் அந்தப் பட்டன் போர்டு துருப்பிடிப்பது சகஜம். பிளக்கைப் பிடுங்கி, செட்டின் பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பத்து நிமிடம் கழித்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லாமல் நேராகச் சுவர் சாக்கெட்டில் போட்டுப் பாருங்கள். வாரன்ட்டி இருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கம்பெனி அனுப்பிய அப்டேட்டால் கெட்டதைக் கம்பெனியே சரிசெய்யட்டும். புகாரை எழுத்தில் பதிவு செய்து எண்ணை வாங்கி வையுங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ரெகவரி மெனு

ஆண்ட்ராய்டு செட்டுகளில் சிஸ்டம் அறைக்குப் பக்கத்தில் மீட்பு வேலைக்கென்றே ரெகவரி என்று ஒரு குட்டி அறை உண்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, செட்டில் இருக்கும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே ஸ்விட்சைப் போடுங்கள். ரிமோட்டின் பட்டனை அல்ல. 10 முதல் 30 விநாடி வரை பிடிக்க வேண்டியிருக்கும். மாடலுக்கு மாடல் பட்டன் மாறும். சிலவற்றில் பவரோடு வால்யூமும் சேரும். ஆண்ட்ராய்டு பொம்மை மல்லாந்து படுத்திருக்க 'நோ கமாண்ட்' என்று வந்தால் பயப்பட வேண்டாம், அது ரெகவரியின் வாசல்தான். பவரையும் வால்யூம் கூட்டும் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் மெனு திறக்கும். ஆண்ட்ராய்டு 8க்குப் பிந்தைய செட்டுகள், திரும்பத் திரும்ப விழுந்தால் தாமே ரெகவரிக்குப் போய் 'மறுபடி முயலவா, ரீசெட் செய்யவா' என்று கேட்பதும் உண்டு.

இங்கே பலரும் மாட்டிக்கொள்வது ரிமோட்டில். ப்ளூடூத் ரிமோட் ரெகவரியில் வேலை செய்யாது, ஏனென்றால் ப்ளூடூத்தை இயக்கும் சிஸ்டமே இன்னும் எழவில்லை. ஒற்றைப் பட்டன் செட்டுகளில் சின்னதாகத் தட்டினால் கீழே நகரும், நீளமாக அழுத்தினால் தேர்வு. அதற்குப் பதில் சாதாரண வயர் கீபோர்டு ஒன்றை யூஎஸ்பியில் செருகிப் பாருங்கள். பெரும்பாலும் அம்பு விசையும் என்டரும் அப்படியே வேலை செய்யும்.

முதலில் தற்காலிக ஃபைல்கள் இருக்கும் கேஷ் அறையைத் துடைக்கும் தேர்வு, பிறகு ரீஸ்டார்ட். சரியாகவில்லை என்றால் டேட்டா துடைப்பு, அதாவது ஃபேக்டரி ரீசெட். வைஃபை பாஸ்வேர்டும் ஆப்புகளும் போகும், சிஸ்டம் போகாது. சாம்சங், எல்ஜி செட்டுகளில் ஆண்ட்ராய்டு கிடையாது. இப்படிப் பட்டன் வழி ரெகவரியும் பொதுவாகக் கிடைக்காது. அங்கே கம்பெனி சர்வீஸோ அடுத்து சொல்லும் வழிகளோதான்.

பென் டிரைவ்: சின்ன விஷயத்தில்தான் சறுக்கும்

சரியான ஃபைல் கிடைப்பதே பாதி வேலை. செட்டின் முதுகில் உள்ள ஸ்டிக்கரில் மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை பாருங்கள். பெரிய பிராண்டுகளுக்குச் சொந்த இணையதளத்தில் அந்த மாடலுக்கான ஃபைல் இருக்கும். மலிவு பிராண்டுகளின் கதை வேறு: ஒரே தொழிற்சாலை போர்டு பல பெயர்களில் விற்கும், ஒரே மாடல் பெயருக்குள் இரண்டு மூன்று வகை போர்டும் பேனலும் இருக்கும். அங்கே பிராண்ட் பெயரை நம்பக் கூடாது. போர்டின் மேல் அச்சிட்ட எண், பேனலின் பின்பக்க ஸ்டிக்கர் எண், ராம் அளவு, ஸ்டோரேஜ் அளவு நான்கும் பொருந்த வேண்டும். பேனல் பொருந்தாத ஃபைலை அடித்தால் படம் தலைகீழாக வரும், அல்லது நிறம் நெகட்டிவ் போல மாறும். போர்டே வேறு என்றால் பூட்லோடரும் போய், லோகோகூட வராத நிலைக்குப் போய்விடும்.

பென் டிரைவ் 8 அல்லது 16 ஜிபி, பழைய யூஎஸ்பி 2 ரகம் போதும். பெரிதாக, வேகமாக இருப்பது இங்கே நல்லதல்ல. பூட்லோடருக்கு இருக்கும் யூஎஸ்பி அறிவு கொஞ்சம்தான். ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்யுங்கள். எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் இரண்டையும் அது படிக்காமல் போகலாம். விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் மெனு 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 தராது, அதற்காகவும் சின்ன டிரைவ். டிரைவைப் பிரிக்காமல் ஒரே பார்ட்டிஷன், அதுவும் எம்பிஆர் என்ற பழைய வகையில்.

ஃபைலை எந்த ஃபோல்டருக்குள்ளும் வைக்காமல் டிரைவின் வெளி மட்டத்தில் வையுங்கள். எல்ஜி ஒரு விதிவிலக்கு: LG_DTV என்று எல்லாம் பெரிய எழுத்தில் பெயரிட்ட ஃபோல்டருக்குள் வைக்க வேண்டும். ஃபைலின் பெயரை மாற்றக் கூடாது. பூட்லோடர் ஒரே ஒரு பெயரைத்தான் தேடும், ஓர் எழுத்து பிசகினாலும் 'ஃபைல் இல்லை' என்று போய்விடும். ஒரே ஃபைலை இரண்டாம் முறை டவுன்லோட் செய்தால் பிரவுசர் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியில் 1 சேர்த்துவிடும். விண்டோஸ் ஃபைல் வகையை மறைத்து வைப்பதால், நீங்கள் கையால் பெயரிட்டால் '.bin.bin' என்று இரட்டைவால் முளைத்திருக்கும். டிவி படிக்கவில்லை என்று வருகிறவர்களில் நிறையப் பேருக்கு இந்த இரண்டில் ஒன்றுதான். காப்பி ஆனதும் அளவை பைட் கணக்கில் ஒப்பிட்டு, முறையாக எஜெக்ட் செய்து எடுங்கள்.

டிவியின் யூஎஸ்பி 2 போர்ட்டில், அதாவது நீல நிறம் இல்லாததில் செருகி, பவர் பட்டனைப் பிடித்தபடி ஸ்விட்சைப் போடுங்கள். விளக்கு உள்ள பென் டிரைவ் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்ச் போட்டதும் ஒரு முறை மின்னி அப்படியே நின்றால், டிவி டிரைவைப் பார்த்தது, ஆனால் ஃபைல் பிடிக்கவில்லை. மின்னவே இல்லை என்றால் போர்ட்டை மாற்றுங்கள். விடாமல் படபடவென்று மின்னினால் படிக்கிறது, கையை எடுத்துவிடலாம். எம்ஸ்டார் என்ற கம்பெனியின் பிராசஸர் சிப் உள்ள பல போர்டுகளில் எழுதும்போது திரை கறுப்பாகவே இருக்கும், ஸ்டாண்ட்பை விளக்கு மட்டும் வேகமாக மின்னும். 5 முதல் 20 நிமிடம் ஆகும். இந்த நேரத்தில் கரண்ட் போனால் முதலிலிருந்து. இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனில் போடுங்கள்.

திறந்தபின்: மீட்டர்

பென் டிரைவுக்கும் மசியவில்லை என்றால் பின்மூடியைக் கழற்ற வேண்டும். போர்வை விரித்து செட்டைக் குப்புறப் படுக்க வையுங்கள்; 43 அங்குலம் என்றால் இரண்டு பேர் வேண்டும். பேனலின் ஓரத்தில் தொங்கும் மெல்லிய ரிப்பன்களில் விரல் பட்டால் திரையில் கோடு நிரந்தரம். பவர் போர்டில் கொழுத்த கப்பாசிட்டர் இருக்கும் பக்கம் ஹாட் சைடு: 230 வோல்ட் சப்ளை அங்கே 325 வோல்ட் டிசி ஆகியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கும். புதியவர்கள் அந்தப் பக்கம் கை வைக்கவே வேண்டாம்.

பவர் போர்டிலிருந்து மெயின் போர்டுக்கு வரும் கனெக்டரில் 12 வோல்ட்டை அளந்து பாருங்கள், அதுவும் லூப் ஓடிக்கொண்டிருக்கும்போது. லோகோ வரும் தருணத்தில் 12 என்பது 9, 8 என்று சரிந்து மறுபடி ஏறினால் குற்றவாளி சாஃப்ட்வேர் அல்ல. வெளியீட்டுப் பக்கத்தில் தலை உப்பிய 1000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர்களைத் தேடுங்கள். அதே அளவு, அதே வோல்ட் அல்லது ஒரு படி அதிகம், 105 டிகிரி சூடு தாங்கும் ரகம் போட்டு மாற்றினால் செட் எழுந்துவிடலாம். அப்டேட் நடந்த அன்றைக்கே பவரும் தளர்வது தற்செயலாக இருக்க வேண்டியதில்லை: எழுதும்போது பிராசஸர் முழு மூச்சில் ஓடும், ஏற்கெனவே நொண்டிக்கொண்டிருந்த கப்பாசிட்டர் அன்றைக்கு உட்கார்ந்துவிடும்.

யூஆர்ட்: டிவியே சொல்லும் வாக்குமூலம்

அநேகமாக ஒவ்வொரு போர்டும் எழும்போது என்ன செய்கிறேன் என்று வரிவரியாக ஒப்பிக்கும். அது வெளியே வரும் வழிக்கு யூஆர்ட் என்று பெயர். போர்டில் டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (வாங்குவது), கிரவுண்ட் என்று மூன்று நான்கு புள்ளிகள் வரிசையாக இருக்கும். அதைப் படிக்க சிபி2102 அல்லது சிஎச்340 சிப் போட்ட யூஎஸ்பி-டிடிஎல் அடாப்டர் வேண்டும். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். 3.3 வோல்ட் நிலையில் வைத்து, கிரவுண்டுக்குக் கிரவுண்ட், டிஎக்ஸை ஆர்எக்ஸுக்கு, ஆர்எக்ஸை டிஎக்ஸுக்கு. அடாப்டரின் வோல்ட் முனையை இணைக்கக் கூடாது. கணினியில் புட்டி (PuTTY) போன்ற மென்பொருளைத் திறந்து வேகம் 115200 என்று வைத்து டிவியை ஆன் செய்யுங்கள்.

ஓடும் எழுத்துகளைப் புரிந்துகொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, கடைசி வரியை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதே வரியில் நின்றால் சாஃப்ட்வேர் அல்லது ஸ்டோரேஜ். சுற்றுக்குச் சுற்று வேறு வரி என்றால் ராம், பவர், அல்லது சூட்டில் விரிசல் விட்ட ஈயம். 'கெர்னல் பேனிக்' என்று வந்தால் சிஸ்டம் உடைந்தது. 'எம்எம்சி' என்ற சொல்லோடு எரர் வரிசையாக வந்தால் ஸ்டோரேஜ் சிப்பே சோர்ந்துவிட்டது.

எம்ஸ்டார் போர்டில் இன்னொரு வசதி. புட்டி திறந்திருக்க, கணினியின் கீபோர்டில் என்டரை அழுத்திப் பிடித்தபடி டிவியை ஆன் செய்தால் பூட்லோடர் கட்டளைக்குக் காத்து நிற்கும். custar என்று ஆறு எழுத்தையும் சின்ன எழுத்தில் அடித்து என்டர் தட்டினால் பென் டிரைவிலிருந்து எழுதத் தொடங்கும். பட்டன் வழி கேட்காத செட்டுகள் இப்படிக் கேட்பதுண்டு.

சிப்பே சோர்ந்தால்

இஎம்எம்சி எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதக்கூடிய சிலேட்டு அல்ல. ஒவ்வொரு எழுத்தும் அதைத் தேய்க்கும். ஆயுள் முடியும்போது சில சிப்புகள் படிக்க மட்டும் அனுமதித்து எழுதுவதை மறுக்கும். அடையாளம் வேடிக்கையானது: ரீசெட் 'வெற்றி' என்று முடியும், ஆனால் எதுவும் அழிந்திருக்காது.

இஎம்எம்சி படிக்கும் பாக்ஸ் வைத்திருக்கும் கடைக்காரர் சிப்பின் ஆயுள் பதிவேட்டைக் காட்ட முடியும். அதில் 01 என்றால் பத்து சதவீதத்துக்குள்தான் தேய்ந்திருக்கிறது, 0ஏ என்றால் தொண்ணூற்றுக்கு மேல், 0பி என்றால் மதிப்பிட்ட ஆயுளே தாண்டிவிட்டது. 'சாஃப்ட்வேர் அடிக்கணும்' என்றால் இந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.

சிப்பை மாற்றுவதற்கு முன் பழைய சிப்பை முழுசாகப் படித்து நகல் எடுத்தாக வேண்டும். அதில்தான் நெட்வொர்க்கில் உங்கள் செட்டை அடையாளம் காட்டும் மேக் முகவரியும், எச்டிஎம்ஐ, ஓடிடி பாதுகாப்புச் சாவிகளும் இருக்கின்றன. வேறொரு செட்டின் நகலைக் கொட்டினால் டிவி எழும், ஆனால் நெட்ஃபிளிக்ஸ் எச்டியில் ஓடாது, சிலவற்றில் திறக்கவே திறக்காது. புதிய சிப்பில் பொதுப் பகுதியோடு இரண்டு பூட் பகுதிகளையும் எழுதி, எங்கிருந்து எழ வேண்டும் என்று சொல்லும், சிப்புக்குள்ளேயே இருக்கும் 179ஆம் பதிவேட்டையும் பழையதைப் போலவே அமைக்க வேண்டும். அதை மறந்தால் எல்லாம் சரியாக எழுதியும் செட் டெட்டாகவே கிடக்கும். ஹீட் கன்னால் சிப்பைச் சூடாக்கி 'சரியாகிவிட்டது' என்று கொடுப்பது வைத்தியமே அல்ல, சில வாரத்தில் திரும்பி வரும்.

செட் எழுந்ததும் தானாக அப்டேட் ஆகும் அமைப்பை அணைத்துவிடுங்கள். அடுத்த அப்டேட்டைக் கையால், பகலில், மழை இடி இல்லாத நாளில் போடுங்கள். பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மதியம் 2 வரை ஈபி கட் அறிவித்த நாளாக அது இருக்க வேண்டாம். ரிப்பேர் கடையிலிருந்து செட்டைத் திரும்ப வாங்கி வந்த அன்றே ஒரு சோதனை: பிரைட்னஸைப் பத்துப் புள்ளி குறையுங்கள், ஒரு ஆப்பை இன்ஸ்டால் செய்யுங்கள், ஐந்து நிமிடம் கழித்து ரிமோட்டில் அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி மறுபடி போடுங்கள். பிரைட்னஸ் பழைய அளவுக்கே திரும்பி, ஆப்பும் காணாமல் போயிருந்தால் சிப் எழுத மறுக்கிறது. பில் கையில் இருக்கும்போதே செட்டைத் திருப்பிக் கொண்டுபோய், இஎம்எம்சி மாற்றித் தரச் சொல்லுங்கள்.